காகிதப் பொம்மைகளும் பொம்மை உடை மாதிரிகளும்: ஐரோப்பிய உடை வரலாற்றின் சிறிய சாட்சிகள்

பழைய காலத்து மக்கள் எப்படி உடுத்தினார்கள் என்பதை அறிய ஆய்வாளர்கள் முதலில் தேடுவது ஓவியங்களையும், எழுத்துப் பதிவுகளையும், எஞ்சியிருக்கும் துணிகளையும்தான். மூன்றிலும் குறை உண்டு. ஓவியத்தில் வெளியே தெரியும் உடை மட்டுமே இருக்கும். அதற்குள்ளே எத்தனை பாவாடைகள், எது எதனோடு எப்படிப் பிணைக்கப்பட்டது என்பது தெரியாது. எழுத்துப் பதிவில் உடையின் பெயரும் விலையும் கிடைக்கும், வடிவம் கிடைக்காது. துணியோ நீடிப்பதில்லை. ஐரோப்பாவில் பட்டு மேலங்கி பழையதானால் தையலைப் பிரித்து வேறு உடை தைத்தார்கள். பெரியவரின் உடையை வெட்டிக் குழந்தைக்குத் தைத்தார்கள். கந்தலானபின் காகித ஆலைக்கு விற்றார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அங்கே காகிதத்தின் முக்கியமான மூலப்பொருள் கந்தல் துணிதான். அன்றைய காகிதப் பொம்மை அச்சிடப்பட்ட தாளே யாரோ ஒருவரின் பழைய சட்டையாக இருந்திருக்கக்கூடும்.

இந்த மூன்றும் கைவிடும் இடத்தில் உதவுவது பொம்மை. பொம்மையின் உடை வியர்வையில் நனைவதில்லை, அடிக்கடி வெளுக்கப்படுவதில்லை. உடைமையாளர் வளர்ந்தபின் பெட்டிக்குள் போய்விடுகிறது. அதனால் முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய உள்ளாடை முதல் தொப்பி வரையிலான முழுத் தொகுதி சில பொம்மைகளின் உடலில் மட்டுமே இன்று கிடைக்கிறது.

எல்லாப் பொம்மைகளையும் ஒரே தராசில் வைக்க முடியாது. 1700-ன் உடையை 1700-லேயே தைத்து அணிவித்த பொம்மை ஒரு வகை. 1700-ன் உடையைப் பின்னாளில் ஒருவர் நூல்களையும் ஓவியங்களையும் பார்த்துத் தைத்த பொம்மை இன்னொரு வகை. முதலாவது நேரில் கண்டவரின் வாக்குமூலம் போன்றது. இரண்டாவது, கேட்டறிந்தவரின் விளக்கம். இரண்டுக்கும் பயன் உண்டு. ஆனால் ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொண்டால் தவறான முடிவுக்கு வருவோம். பாடநூல்களிலும் இணையத்திலும் வரும் படங்களில் இந்த வேறுபாடு பெரும்பாலும் காட்டப்படுவதில்லை.

தூது சென்ற பொம்மைகள்

புதிய உடை மாதிரிகளை அச்சிட்ட படங்களாக அனுப்பும் வழக்கம் வருமுன், ஐரோப்பிய அரசவைகள் உடுத்திய பொம்மைகளை ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொண்டன. இங்கிலாந்து அரசிக்கு அனுப்பப்பட்ட பொம்மைகளின் உடைகளுக்காக, பிரெஞ்சு அரசவைத் தையற்காரர் ராபர்ட் தெ வாரென் என்பவருக்குப் பணம் கொடுத்த கணக்கு 1396-ஐச் சேர்ந்தது. இதுவே இத்தகைய பொம்மைகளைப் பற்றிப் பரவலாகச் சுட்டப்படும் பழைய குறிப்பு. 18ஆம் நூற்றாண்டில் இவை ‘பாண்டோரா’ என்று அழைக்கப்பட்டன. அரசவை உடை அணிந்தது பெரிய பாண்டோரா. வீட்டுடை அணிந்தது சிறிய பாண்டோரா.

அமெரிக்கக் குடியேற்றங்களுக்கும் இவை போயின. 1733-ல் பாஸ்டன் நகரச் செய்தித்தாள் ஒன்றில் ஒரு தையற்காரப் பெண்மணி விளம்பரம் கொடுத்தார். லண்டனிலிருந்து புது மாதிரி உடை அணிந்த பொம்மை வந்திருக்கிறது, பார்க்க விரும்பும் சீமாட்டிகள் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம், வீட்டுக்கே கொண்டுவந்து காட்ட வேண்டுமானால் கட்டணம் கூடுதல் என்பது அதன் சாரம். அந்த ஊரில் எவரும் அதைக் குழந்தைகளின் விளையாட்டுப் பொருளாக நினைக்கவில்லை என்பது இதிலிருந்தே தெரிகிறது.

கிளாப்பம் பிரபுவும் சீமாட்டியும்

லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இரண்டு மரப் பொம்மைகள் நாற்காலிகளில் அமர்ந்திருக்கின்றன. ஏறத்தாழ இரண்டடி உயரம். 1690-களைச் சேர்ந்தவை. ‘கிளாப்பம் பிரபு’, ‘கிளாப்பம் சீமாட்டி’ என்பவை இவற்றின் பெயர்கள். லண்டனுக்கு அருகில் இருந்த கிளாப்பம் என்னும் ஊரில் வாழ்ந்த ஒரு குடும்பத்தின் உடைமை இவை. நாட்குறிப்பு எழுதிப் புகழ்பெற்ற சாமுவேல் பெப்பீசின் உறவினர் வழியில் வந்தவை என்று நம்பப்படுகிறது. 1974-ல் இவை வெளிநாட்டுக்குப் போக இருந்தபோது பொதுமக்களிடம் நிதி திரட்டி அருங்காட்சியகம் வாங்கியது.

இரண்டு மரப் பொம்மைகளுக்காக மக்கள் ஏன் பணம் கொடுத்தார்கள்? சீமாட்டியின் உடையை ஒவ்வொன்றாகக் கழற்றலாம் என்பதே காரணம். உள்சட்டை, உள்பாவாடைகள், உடலை இறுக்கிப் பிடிக்கும் கச்சை, காலுறை, காலணி, அதற்கு மேல் ‘மாண்டுவா’ என்னும் பட்டு மேலங்கி, வெளியே போகும்போது முகத்தை மறைக்கும் முகமூடி என எல்லாமே இருக்கின்றன. அந்தக் காலத்து மாண்டுவா முழுவதும் தைத்து முடித்த உடை அன்று. பெரிதும் மடித்தும் கொசுவியும் ஊசியால் குத்தியும் உடலில் நிறுத்தப்பட்டது. ஆளுயர மாண்டுவாவைக் கழற்றினால் அது வெறும் துணியாகிவிடும். எங்கே மடித்தார்கள், எங்கே குத்தினார்கள் என்பது அதோடு போய்விடும். புடவையைப் பெட்டியில் மடித்து வைத்திருந்தால் அதைக் கட்டிய முறை தெரியாது அல்லவா, அதுபோல. பொம்மையின் மேல் இருந்தால்தான் உடுத்தும் முறை எஞ்சும்.

பிரபுவுக்குக் கோட்டும் தொப்பியும் பொய்முடியும் உண்டு. அவற்றோடு வீட்டில் அணியும் தளர்ந்த அங்கி ஒன்றும் இருக்கிறது. இத்தகைய அங்கிக்கு ஆங்கிலத்தில் ‘பனியன்’ என்று ஒரு பெயர் வழங்கியது. குஜராத்தி வணிகர்களைக் குறித்த சொல்லிலிருந்து அது வந்தது. நாம் சட்டைக்குள் போடும் பனியனும் அதே சொல்தான். இந்திய வணிகரில் தொடங்கி இங்கிலாந்து பிரபுவின் வீட்டு அங்கியாகி, நம் கொடியில் காயும் உள்சட்டையாக அந்தச் சொல் திரும்பி வந்திருக்கிறது.

தேதி எழுதி வைத்த பெண்

கிளாப்பம் பொம்மைகளின் காலத்தை உடையின் வெட்டையும் துணியையும் கொண்டு ஆய்வாளர்கள் கணித்தார்கள். லெட்டிஷியா பவல் என்ற ஆங்கிலப் பெண்மணியின் பொம்மைகளுக்கு அந்தச் சிரமம் வேண்டியதில்லை. 1754-ல் தொடங்கி, அவ்வப்போது வழக்கில் இருந்த உடையைச் சிறிய அளவில் தைத்துப் பொம்மைகளுக்கு அணிவித்து, இது இந்த ஆண்டின் உடை என்ற குறிப்பையும் சேர்த்து வைத்தார். 1761-ஐச் சேர்ந்த பொம்மை அவருடைய திருமண உடையின் சிறு வடிவை அணிந்திருக்கிறது. அவருக்குப் பின் குடும்பத்தினரும் இதைத் தொடர்ந்தார்கள். இந்தப் பதின்மூன்று பொம்மைகளும் இப்போது விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளன. ஒரே குடும்பத்தின் கைகளில் உடையின் மாற்றம் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் பதிவாகியிருக்கிறது. லெட்டிஷியா வரலாற்றாசிரியர் அல்லர். ஆனாலும் துணியோடு ஆண்டையும் எழுதிவைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

நம் வீட்டு மரப்பாச்சியை இதனோடு ஒப்பிடலாம். செம்மரத்தில் செதுக்கிய ஆண், பெண் பொம்மைகளைத் திருமணத்தில் சீராகக் கொடுப்பதும், நவராத்திரிக் கொலுவில் முதலில் வைப்பதும் வழக்கம். ஆனால் பெரும்பாலான வீடுகளில் ஆண்டுதோறும் புதுத்துணி சுற்றி, பழைய துணியைத் தூக்கிப் போட்டுவிடுகிறோம். நூறு ஆண்டு பழமையான மரப்பாச்சி இருக்கும். அதன் மேல் சென்ற ஆண்டு வாங்கிய ஜரிகைத் துண்டு இருக்கும். புதுப்பித்தல் நம் வழிபாட்டு முறையின் பகுதி. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 1920-ல் ஒரு தஞ்சாவூர்ச் சிறுமி மரப்பாச்சிக்கு எந்தக் கட்டில் புடவை சுற்றினாள் என்று இன்று யாராவது கேட்டால் காட்டுவதற்குத் துணி இல்லை.

விக்டோரியா அரசியின் மரப் பொம்மைகளையும் இங்கே சேர்க்கலாம். சிறுமியாக இருந்தபோது அவரும் அவருடைய ஆசிரியை லேசனும் 132 சிறு பொம்மைகளுக்கு உடை தைத்தார்கள். அவற்றில் 32 விக்டோரியாவே தைத்தவை. பல பொம்மைகள் அவர் மேடையில் கண்ட ஆடல், பாடல் கலைஞர்களின் உருவங்கள். எந்தப் பொம்மை யார், உடையைத் தைத்தவர் யார் என்ற பட்டியலும் எழுதி வைக்கப்பட்டது.

காகிதத்தில் உடை

துணிப் பொம்மைக்குச் செலவு அதிகம். காகிதம் மலிவு என்று நமக்குத் தோன்றும். ஆனால் முதலில் வந்த காகிதப் பொம்மைகள் மலிவானவை அல்ல. 1791-ல் வைமர் நகரில் பெர்டுக் நடத்திய உடை, ஆடம்பரப் பொருள்கள் பற்றிய இதழ், லண்டனிலிருந்து வந்த புதிய வகைப் பொம்மையைப் பற்றி எழுதியது. அட்டையில் வெட்டிய பெண் உருவம் ஒன்று, அதற்கு மாற்றி மாற்றி அணிவிக்கச் சில உடைகள், தொப்பிகள். பெரியவர்களுக்கும் பொழுதுபோக்காகும், குழந்தைகளுக்கு உடை அணியும் ரசனையைக் கற்றுத்தரும் என்ற எண்ணத்தில் அது அறிமுகமானது.

1810-ல் லண்டனில் எஸ். அண்ட் ஜே. ஃபுல்லர் நிறுவனம் ‘லிட்டில் ஃபேனியின் வரலாறு’ என்ற சிறு நூலை வெளியிட்டது. கதை செய்யுளில் இருந்தது. கூடவே ஃபேனியின் ஒரே தலையும் பல உடை உருவங்களும் தனித்தனியாக இருந்தன. பக்கத்தைப் படித்து முடித்தவுடன் தலையை எடுத்து அடுத்த உடையின் பின்புறத்தில் செருக வேண்டும். உடை மோகமும் சோம்பலும் கொண்ட சிறுமி வீட்டை விட்டுப் போய், நல்ல உடையை இழந்து, பிச்சை எடுத்து, ஊழியம் செய்து, கடைசியில் எளிய உடையில் வீட்டுக்குத் திரும்புவதே கதை. உடையின் மேல் ஆசைப்படாதே என்று அறிவுறுத்தும் புத்தகம், கையால் வண்ணம் தீட்டிய அழகான உடைகளைக் காட்டியே விற்பனையானது. எந்தச் சிறுமி அந்த அறிவுரையைப் பொருட்படுத்தியிருப்பாள்!

ஆனால் உடை வரலாற்றுக்கு அந்த அறிவுரையால் ஒரு லாபம் உண்டு. ஃபேனி ஏழையாகிறாள். ஆகவே அன்றைய பிச்சைக்காரச் சிறுமியின் உடையையும் வேலைக்காரச் சிறுமியின் உடையையும் ஓவியர் வரைய வேண்டியிருந்தது. பணக்கார உடைகளை மட்டுமே காட்டிய உடைப் பத்திரிகைகளில் அவை வருவதில்லை. அதே நிறுவனம் அதே ஆண்டில் ‘லிட்டில் ஹென்றி’யையும் வெளியிட்டது. 1812-ல் பாஸ்டனில் ஹென்றியின் அமெரிக்கப் பதிப்பு வந்தது.

முகத்தை நிலையாக வைத்து உடையை மட்டும் மாற்றும் இந்த உத்தி காகிதத்தோடு பிறந்தது அன்று. 17ஆம் நூற்றாண்டிலேயே, சிறிய உருவப்படத்தின் மேல் பொருத்தி உடையை மாற்றும்படி ஒளி ஊடுருவும் காக்காப்பொன் தகடுகளில் உடைகளைத் தீட்டியிருக்கிறார்கள். மைக்கா எனப்படும் அந்தத் தகடு நம் ஊருக்கும் புதியதன்று. 19ஆம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளி, பாட்னா, முர்ஷிதாபாத் ஆகிய ஊர்கள் மைக்கா ஓவியங்களுக்குப் பேர்போனவை. வெள்ளைக்காரர்கள் நினைவுப் பொருளாக வாங்கிச்சென்றனர். தலை மட்டும் தீட்டிய ஓர் அட்டையும், முகம் வரும் இடத்தை வெறுமையாக விட்டு உடைகளைத் தீட்டிய தகடுகளும் கொண்ட தொகுதிகளும் இந்தியாவில் செய்யப்பட்டன. அட்டையின் மேல் ஒரு தகட்டை வைத்தால் அந்த முகம் ஒரு தொழிலாளி. தகட்டை மாற்றினால் வேறொருவர். வாங்கியவர் கண்ணுக்கு இந்தியர் என்றால் உடையே ஆள் என்றாகிவிட்டதோ என்ற எண்ணம் இவற்றைப் பார்க்கும்போது எழுகிறது.

அமெரிக்காவில் 1859-ல் ‘கோடீஸ் லேடீஸ் புக்’ என்ற மாத இதழ் காகிதப் பொம்மையை அச்சிட்டது. பிறகு வண்ண அச்சு மலிவானதும் இதழ்தோறும் அவை வரத் தொடங்கின. 1908 முதல் ‘லேடீஸ் ஹோம் ஜர்னல்’ இதழில் ஷீலா யங் வரைந்த ‘லெட்டி லேன்’ குடும்பமும், 1951 முதல் ‘மெக்கால்ஸ்’ இதழில் ‘பெட்சி மெக்கால்’ சிறுமியும் பெரும் வரவேற்பைப் பெற்றனர். இவையெல்லாம் அந்தந்த ஆண்டின் உடைகளையே காட்டியதால், நாம் மேலே சொன்ன முதல் வகையில் சேர்பவை. ஆனால் யாருடைய உடைகள்? நீண்ட காலம் இவற்றில் கறுப்பின மக்கள் வந்தால் வேலைக்காரர் வேடத்திலேயே பெரும்பாலும் வந்தார்கள். கறுப்பினப் பெண் ஓவியர் ஜாக்கி ஆர்ம்ஸ் 1950 முதல் 1954 வரை ‘பிட்ஸ்பர்க் கூரியர்’ இதழில் வரைந்த ‘டார்ச்சி’ சித்திரத் தொடருடன் ‘டார்ச்சி டாக்ஸ்’ என்ற காகிதப் பொம்மையையும் தந்தார். நேர்த்தியான நவநாகரிக உடைகளோடு ஒரு கறுப்பினப் பெண் காகிதத்தில் நின்றாள். அக்காலத்து நகரவாழ் கறுப்பினப் பெண்கள் எப்படி உடுத்த விரும்பினார்கள் என்பதற்கு அது ஒரு பதிவு.

பழைய காலத்து உடைகளைப் பின்னாளில் வரைந்து தரும் காகிதப் பொம்மை நூல்கள் இரண்டாம் வகை. இத்துறையில் டாம் டியர்னி என்ற அமெரிக்கர் முதன்மையானவர். 1928-ல் டெக்சாஸில் பிறந்து 2014-ல் மறைந்த இவர், 1976-ல் முப்பதுகளின் திரை நட்சத்திரங்களைப் பற்றிய காகிதப் பொம்மை நூலோடு தொடங்கி நானூறுக்கும் மேற்பட்ட நூல்களை உருவாக்கினார். அவற்றில் பல டோவர் பதிப்பகத்தின் வெளியீடுகள். உடை வரலாற்றுக்கு முதல் அறிமுகமாக மாணவர்களுக்கு இவற்றைவிட எளிய நூல் கிடைப்பது அரிது.

இருந்தாலும் காகிதத்தின் எல்லையை அறிந்துகொண்டு பார்க்க வேண்டும். காகிதப் பொம்மைக்கு முதுகு கிடையாது. முதுகுப்புறம் முடிச்சா, கொக்கியா, பொத்தானா என்ற கேள்விக்கு மடித்துவிடும் காகிதக் காதுகளே பதில். 1880-களில் ஐரோப்பியப் பெண்களின் பாவாடை பின்புறத்தில் மேடுபோல் புடைத்து நின்றது. முன்னோக்கி நிற்கும் பொம்மையில் அந்தக் காலத்து உடையின் முக்கியமான அம்சமே தெரியாது. பக்கவாட்டில் திருப்பி வரைந்தால்தான் தெரியும். மேலும், 1800-ஐ ஒட்டி இடைக்கோடு மார்புக்குக் கீழே இருந்தது. 1830-களில் இயல்பான இடத்துக்கு இறங்கியது. 1920-களில் இடுப்புக்கே போய்விட்டது. ஒவ்வொரு காலத்துக்கும் கச்சை வேறு, ஆகவே உடலின் வடிவமே வேறு. ஒரே உருவத்தின் மேல் முந்நூறு ஆண்டு உடைகளையும் மாட்டச் சொல்லும் நூல் ஏதோ ஓரிடத்தில் பொய் சொல்லியே தீர வேண்டும்.

வெட்டி வைத்த தாள்: பொம்மை உடை மாதிரிகள்

துணியில் வைத்து வெட்டுவதற்கான காகித மாதிரியைத் தையற்காரர்கள் ‘பேட்டர்ன்’ என்பார்கள். 1863-ல் அமெரிக்கத் தையற்காரர் எபினேசர் பட்டரிக் வெவ்வேறு அளவுகளில் வெட்டிய காகித மாதிரிகளை விற்கத் தொடங்கினார். அதே ஆண்டில் பாரிஸில் ‘லா பூப்பே மோதேல்’ என்ற சிறுமியர் இதழ் தோன்றியது. பொம்மைக்கு உடை தைக்கும் மாதிரிகளை அது வெளியிட்டது. பொம்மைக்குத் தைத்துப் பழகினால் பெண்குழந்தைக்குத் தையல் வரும் என்பது அன்றைய கல்விக் கருத்து. இன்று அதை ஏற்க மாட்டோம். ஆனால் அந்தக் கருத்தால்தான் உடைகளின் வெட்டு, ஆண்டும் மாதமும் குறித்த தாள்களில் நமக்குக் கிடைத்திருக்கிறது.

இதன் சிறந்த எடுத்துக்காட்டு புளூயெட் என்ற பிரெஞ்சுப் பொம்மை. 1905 பிப்ரவரி 2 அன்று ‘லா செமேன் தெ சுசெட்’ என்ற சிறுமியர் வார இதழ் பாரிஸில் வெளிவந்தது. முன்கூட்டியே ஆண்டுச் சந்தா கட்டியவர்களுக்கு 27 செ.மீ. உயரமுள்ள ஒரு பொம்மை இலவசம். 20,000 பொம்மைகள் தயாராயின; அவை போதவில்லை. பொம்மை வந்தது சாதாரண உள்சட்டையோடு மட்டும். உடைகளுக்கான மாதிரிகள் இதழில் வரும்; சிறுமி தானே தைத்துக்கொள்ள வேண்டும். 1933-ல் பொம்மையின் உயரம் 29 செ.மீ. ஆனது. உலகப் போரால் 1940-ல் நின்ற இதழ் 1946-ல் மீண்டது. மாதிரிகள் 1960 வரை வந்தன.

அரை நூற்றாண்டுக்கு மேல், ஒரே பொம்மைக்கு, தேதியோடு கூடிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள்! பள்ளிக்கூட மேலுடை, மாலுமிச் சட்டை, குளியல் உடை, முதல் உலகப் போர்க்காலத்து நர்ஸ் உடை என ஒரு பிரெஞ்சுச் சிறுமியின் அலமாரியே அதில் இருக்கிறது. அரசிகளின் உடைகளை அருங்காட்சியகங்கள் காப்பாற்றும். ஒரு குழந்தை மழைநாளில் போட்ட மேல்கோட்டை யார் காப்பாற்றுவார்கள்? அதன் வெட்டை புளூயெட்டின் தாள் காப்பாற்றியிருக்கிறது. கிளாப்பம் சீமாட்டியைப் போல் பூட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள் அல்ல. அந்தத் தாள் கிடைத்த எவரும் இன்றும் வெட்டித் தைக்கலாம்.

அந்த இதழில் இன்னொரு பெண்ணும் இருந்தாள். முதல் இதழிலேயே அறிமுகமான பெகாசின், பிரிட்டனி பகுதியிலிருந்து வந்த வேலைக்காரப் பெண். சித்திரக் கதையின் நாயகி. பச்சை உடையும் வெள்ளைத் தலைத்துணியும் அவளுடைய அடையாளம். புளூயெட்டுக்கு உடை மாறிக்கொண்டே இருக்க, பெகாசின் ஆண்டுக்கணக்கில் அதே உடையில் நின்றாள். வசதியான கத்தோலிக்கக் குடும்பங்களின் சிறுமியருக்காக நடந்த இதழ் அது. யாருக்கு உடை மாறும், யாருக்கு மாறாது என்பதையும் அது சொல்லாமல் சொல்லிவிடுகிறது.

சிறியதாக்குவதில் உள்ள சிக்கல்

ஆளுயர உடையின் மாதிரியை நகலெடுக்கும் இயந்திரத்தில் சுருக்கினால் பொம்மை உடைக்கான மாதிரி கிடைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கிடைக்காது. நீளமும் அகலமும் சுருங்கும். துணியின் தடிமன் சுருங்காது.

புடவையை வைத்தே கணக்குப் பார்க்கலாம். 29 செ.மீ. பொம்மை, 174 செ.மீ. உயரமுள்ள ஆளில் ஆறில் ஒரு பங்கு. ஐந்தரை மீட்டர் புடவை ஏறத்தாழ 92 செ.மீ. ஆகும். 115 செ.மீ. அகலம் 19 செ.மீ. ஆகும். ஏழு கொசுவம் என்றால் பதினான்கு அடுக்குத் துணி. ஓர் அடுக்கு 0.2 மி.மீ. என்று வைத்தால் மொத்தம் 2.8 மி.மீ. ஆளின் இடுப்பில் அது தெரியவே தெரியாது. அதே துணியைப் பொம்மைக்குச் சுற்றினால் தடிமன் அதே 2.8 மி.மீ.தான், பொம்மையின் அளவில் அது 17 மி.மீ. தடித்த கட்டையைச் செருகியது போல் தோன்றும். எடையும் உதவாது. ஆளுயரப் புடவை தன் எடையால் கீழே வழியும். சிறு துண்டுக்கு அந்த எடை இல்லை, விறைத்துக்கொண்டு நிற்கும். மரப்பாச்சிக்குப் புடவை கட்டிப் பார்த்த கைகளுக்கு இது தெரியும். துணியில் மூன்று செ.மீ. பூ இருந்தால் பொம்மையின் மேல் அது பூசணிக்காய் அளவு.

ஆகவே பொம்மைக்குத் தைப்பவர்கள் சமரசம் செய்கிறார்கள். சுருக்கைக் குறைப்பார்கள், உள்துணியை விடுவார்கள், விளிம்பை மடிக்காமல் துணியின் கரையையே பயன்படுத்துவார்கள், பின்னால் முழு நீளமும் திறப்பு வைப்பார்கள். பொம்மை உடையை ஆதாரமாகக் கொள்ளும் ஆய்வாளர் இந்தச் சமரசங்களைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும். பொம்மையின் உடை முதுகில் திறக்கிறது என்பதற்காக அக்காலப் பெண்ணின் உடையும் அப்படியே திறந்தது என்று எழுதிவிடக் கூடாது.

எதிர்த்திசையிலும் ஒரு வழி இருக்கிறது. ஆங்கில ஆய்வாளர் ஜேனட் ஆர்னால்ட் அருங்காட்சியகங்களில் எஞ்சியுள்ள உண்மையான உடைகளை அளந்து, எட்டில் ஒரு பங்கு அளவில் கட்டத்தாளில் வரைந்து, ‘பேட்டர்ன்ஸ் ஆஃப் ஃபேஷன்’ என்ற வரிசையை 1964 முதல் வெளியிட்டார். நாடக உடை தைப்பவர்களுக்கும் மாணவர்களுக்கும் அதுவே அடிப்படை நூல். அதிலுள்ள வரைபடத்தைப் பெரிதாக்காமல் அப்படியே வெட்டி ஒட்டினால் ஒரு சிறிய பொம்மைக்கான காகித உடை கிடைக்கும். முதுகும் தையல்கோடும் உள்ள காகித உடை. பெரிய துணியை வெட்டுமுன் இப்படிச் சிறிதாக ஒட்டிப் பார்த்தால், தாளில் புரியாத வெட்டு கையில் புரிந்துவிடும்.

பாரிஸ், 1945, 1949

ஜெர்மானிய ஆக்கிரமிப்பிலிருந்து பாரிஸ் 1944 ஆகஸ்டில் விடுபட்டது. துணி இல்லை, தோல் இல்லை, குளிர் காய எரிபொருள் இல்லை. உயர்தர உடை நிறுவனங்கள் பிழைக்குமா என்ற நிலை. ஆளுயர உடைகளைத் தைத்துக் காட்சி வைக்கத் துணி போதாது. எனவே பொம்மைக்குத் தைப்பது என்று முடிவாயிற்று. நினா ரிச்சி நிறுவனத்தின் ராபர்ட் ரிச்சி இதில் முன்னின்றார். எலியான் பொனாபெல் வடிவமைக்க, ஜான் சென் மார்த்தான் கம்பியால் சுமார் 27 அங்குல உயரப் பொம்மைகளைச் செய்தார். சிற்பி ஜோவான் ரெபுல் பிளாஸ்டரில் தலைகளைச் செய்தார். கிறிஸ்தியான் பெரார் கலை இயக்குநர். 1945 மார்ச் இறுதியில் லூவர் மாளிகைப் பகுதியில் உள்ள அலங்காரக் கலை அருங்காட்சியகத்தில் ‘தேயாத்ர் தெ லா மோட்’ என்ற இந்தக் காட்சி தொடங்கியது. சுமார் ஒரு லட்சம் பேர் பார்த்தார்கள். திரண்ட நிதி போர் நிவாரணத்துக்குப் போயிற்று.

மேலே சொன்ன சமரசங்களை இந்தத் தையற்காரர்கள் முடிந்தவரை செய்யவில்லை. பொத்தான்களைப் போடலாம், கழற்றலாம். கைப்பைகள் திறக்கும், உள்ளே அதற்கேற்ற சிறு பொருள்கள். எங்கள் கைத்திறன் போரில் சாகவில்லை என்று காட்ட வந்தவர்கள் ஒரு காஜாவைக்கூட விட்டுவிட மனம் வரவில்லை போலும்.

பொம்மைகள் பல ஐரோப்பிய நகரங்களுக்கும் 1946-ல் நியூயார்க், சான் பிரான்சிஸ்கோ நகரங்களுக்கும் சென்றன. நகைகள் பாரிஸுக்குத் திரும்பின. பொம்மைகள் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பெரிய கடையில் தங்கிவிட்டன. அழிந்துபோயின என்றே பலர் நினைத்தார்கள். உண்மையில் 1952-ல் அவை வாஷிங்டன் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றங்கரைக் குன்றின் மேல் தனியே நிற்கும் மேரிஹில் அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தன. 1980-களில் பேராசிரியர் ஸ்டான்லி கார்ஃபிங்கல் இவற்றின் மதிப்பை உலகுக்கு எடுத்துச்சொன்னார். பாரிஸுக்குக் கொண்டுபோய்ச் செப்பனிட்டு 1990-ல் மீண்டும் காட்சிக்கு வைத்தார்கள்.

1949-ல் அதே பாரிஸ் உடைத்துறை இன்னொரு தொகுதி பொம்மைகளை அனுப்பியது. போருக்குப் பின் அமெரிக்க மக்கள் அனுப்பிய உணவுக்கு நன்றியாக 49 ரயில் பெட்டிகள் நிறைய அன்பளிப்புகளைப் பிரான்ஸ் அனுப்பியது. அந்த ‘நன்றி ரயிலில்’ பொம்மைகளும் இருந்தன. இவையும் கம்பி உடல் கொண்டவை. ஆனால் இவை அணிந்தது 1949-ன் உடையை அல்ல. 1715 முதல் 1906 வரை ஓர் ஆண்டை ஒவ்வொரு வடிவமைப்பாளரும் தேர்ந்துகொண்டு, ஓவியங்களையும் நூல்களையும் பார்த்துத் தைத்தார்.

ஒரே ஊர், ஒரே தொழில், ஒரே வகைக் கம்பி உடல். நடுவில் நான்கு ஆண்டுகள். 1945-ன் பொம்மை, அன்றைய பாரிஸ் எந்தத் தோளை அகலமாக வெட்டியது, எந்தத் தொப்பியை உயர்த்தியது என்பதற்கு நேரடி ஆதாரம். நன்றி ரயில் பொம்மையில் 1750-ஐத் தேடுபவருக்கு 1750 ஓரளவே கிடைக்கும். 1947-ல் கிறிஸ்டியான் டியோர் இடையைச் சிறுத்துப் பாவாடையை விரித்துப் புதிய பாணியைக் கொண்டுவந்திருந்தார். சிறுத்த இடையையும் விரிந்த பாவாடையையும் விரும்பிப் பழகிய கண்கள்தான் பழைய நூற்றாண்டுகளில் எந்த ஆண்டைத் தேர்வது, எதை அழகாகக் காட்டுவது என்று முடிவு செய்தன. 1949-ல் பாரிஸ் தன் இறந்தகாலத்தை எப்படிப் பார்க்க விரும்பியது என்பதற்கு அவற்றைவிட நல்ல சான்று இல்லை.

புரூக்ளின் அருங்காட்சியகத்தில் இருந்த அந்தப் பொம்மைகள் 2009-ல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்துக்கு மாற்றப்பட்டன. 1945-ன் பொம்மைகள் மேரிஹில்லிலேயே உள்ளன. வெளிச்சம் துணியைக் கெடுக்கும் என்பதால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வெளியே வைக்காமல், மாற்றி மாற்றிக் காட்சிக்கு வைக்கிறார்கள்.